சரசவேணியும் ஒற்றைக் கோளாம்பியும்

"இரவல் தொண்டையில் பாடினவனுக்கு…" என்று என் பெரியப்பா ஒரு சொலவடை சொல்வார். பின்பாதி மறந்துவிட்டது. காது போகும் என்று முடியுமா, கழுத்து போகும் என்று முடியுமா என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழிலில் இரண்டுக்கும் இடம் உண்டு. பாட்டரி சுமந்து தோள் காய்த்த என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொழும்பில் ஒரு இசைத்தட்டுக் கடையில் இருபது வருஷம் நின்றுவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு பாறசாலைக்குத் திரும்பினேன். கையில் ஒரு கிராமபோனும் நாலு பெட்டித் தட்டும். மனைவியின் தம்பி தாசனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஒரு கோளாம்பியும் வாங்கினேன். குழாய் ஸ்பீக்கரை எங்கள் பக்கத்தில் கோளாம்பி என்போம். வெற்றிலை துப்பும் பாத்திரத்தின் சாயல் அதற்கு.

நான் வந்த நேரம், நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, மலையாளத்தோடு நிற்க வேண்டுமா என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு வரை மலையாளத்திலும் அதற்குமேல் தமிழிலும் அடி வாங்கிப் படித்தவன் நான். இரண்டு கட்சி நோட்டீசையும் முழுக்கப் படிக்கத் தெரியும். கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

நாலு பெட்டி, நாலு முகம்

நாலு பெட்டியும் ஒரே பாடகியுடையவை. பெயர் சரசவேணி. முதல் பெட்டி நாடக செட்: ஆர்மோனியம், நீள நீளமான விருத்தம், அட்டையில் பட்டுச்சேலையும் ஒட்டியாணமும். இரண்டாவதில் இந்துஸ்தானி மெட்டுக்கு மாறினாள். தபலா வந்தது, தலையில் முக்காடு வந்தது, அழுகை குறைந்து பெருமூச்சு கூடியது. மூன்றாவதில் பியானோ, கிளாரினெட், நடுநடுவே "ல ல லா". அட்டையில் ஒரு தொப்பி. நாலாவது பெட்டியில் படமே கிடையாது. உள்ளே ஒரு தட்டுதான். படகு ஆடுகிற மாதிரி எளிய மெட்டு. ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் அதே மெட்டு மலையாளத்தில்.

கொழும்பில் ஒவ்வொரு பெட்டி வந்தபோதும் பழைய ரசிகர்கள் கடைக்கு வந்து, இவள் கெட்டுப்போய்விட்டாள் என்று வருத்தப்பட்டுவிட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போவார்கள். தாசன் நாலு அட்டையையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அத்தான், இவளுக்கு நிலையா ஒரு குணம் உண்டா, இல்ல நம்மள மாதிரி ஆக்குமா?"

மாப்பிள்ளை வராத வீடு

குளத்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. "அவிய வாறது வர பாட்டு நிக்கப்பிடாது" என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்தால், தாசன் அவசரத்தில் தூக்கி வந்தது நாடக செட். புருஷன் காட்டில் விட்டுப் போன ராணி, அவனைத் தேடி ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம் அழுகிற கதை.

வேறு வழி? போட்டேன். நாலாவது பக்கத்தில், "வருவாரோ, வழி மறந்தாரோ" என்று சரசவேணி இழுத்தபோது பந்தலில் பேச்சு நின்றது. ஏழாவது பக்கத்தில் அடுக்களையில் ஒருத்தி விசும்பினாள். ஒன்பதாவதில் மணப்பெண்ணே பாதி அலங்காரத்தோடு வந்து வாசலை எட்டிப் பார்த்தாள். பத்தாவது ஓடும்போது மாப்பிள்ளை வீட்டார் வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்து சேர்ந்தார்கள். பெண்ணின் அப்பா அவர்களை வரவேற்கப் போகுமுன் என்னிடம் ஓடி வந்தார்:

"மாப்பிள வந்தாச்சு ஓய், இனி அவளச் சொல்லி நிறுத்தும்! பெத்த தாயிகூட இம்புட்டு அழல்ல!"

அறுப்புப் பண்டிகையில் பியானோ

காரக்கோணத்துப் பக்கம் ஒரு பழைய மிஷன் சபையில் அறுப்புப் பண்டிகை. ஜனங்கள் கொண்டுவந்து படைத்த வாழைக்குலை, சேனைக்கிழங்கு, சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு இடையில் போட என்னிடம் ஞானப்பாட்டு ஒன்றும் இல்லை. தபலா கேட்டால் சபையை நடத்துகிற உபதேசியார் கோபிப்பார் என்று பயந்து, பியானோ பெட்டியை எடுத்தேன். அதில் சரசவேணி, "வா, வா, காத்திருக்கேன்" என்று கிளாரினெட்டோடு குழைகிறாள்.

உபதேசியார் ஐயா கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சேவலின் ஏலம் பாதியில் நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இவ யாரை விளிக்கிறா?" என்றார். நான் தலையைச் சொறிந்து, "பெயர் ஒண்ணும் சொல்லல்ல ஐயா" என்றேன். அவர் ஏலக்காரனைக் கையமர்த்தினார்.

"பெயர் சொல்லாதது வர கர்த்தர்னே வச்சுக்கிடலாம். இன்னொருக்கா போடும், சத்தம் கொஞ்சம் கூடட்டு."

கை செய்த தப்பு

எல்லைக் கிளர்ச்சியில் தமிழ்க் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் டெய்லர் மாசிலாமணி. மலையாளக் கட்சிக்குக் குட்டன் வைத்தியர். இருவர் கடையும் என் கடைக்கு இரண்டு பக்கத்திலும். இருவரும் கூட்டம் போட்டால் மைக் செட் என்னுடையதுதான். வேறு செட்டுக்கு நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டும். டெய்லர் கூட்டத்தில் நாலாம் பெட்டித் தட்டின் தமிழ்ப் பக்கம், வைத்தியர் கூட்டத்தில் மலையாளப் பக்கம் என்று ஒழுங்காகவே நடத்திவந்தேன்.

ஆனால் தட்டு போடுகிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் முடிந்தால் முள்ளை மாற்றி, சாவி கொடுத்து, தட்டைத் திருப்பிப் போட்டுவிடும். சந்தையில் டெய்லர் நடத்திய தமிழ்க் கூட்டத்தில், மேடையில் யாரோ காலம் கடத்த, என் கை அதைத்தான் செய்தது. கோளாம்பி முழுக்க மலையாளம். எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. ஐந்நூறு பேருக்கும் தெரியவில்லை. சிலர் தாளம் போட்டார்கள். ஒரு கிழவர் கூடவே பாடினார், வரி தப்பாமல்.

வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர்தான் எழுந்து, "துரோகம்!" என்று கத்தினார். உடனே எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பின்வரிசையிலிருந்து வந்த கல் கோளாம்பியின் விளிம்பை நெளித்தது. நான் தட்டை எடுக்கப் பாய்ந்தபோது, கூடப் பாடிய கிழவர் என் கையைப் பிடித்தார்:

"எலே மக்கா, எடுக்காத. இன்னும் ரெண்டு வரியாக்கும் உள்ளது. அது தீரட்டு, பொறவு எல்லாருமாச் சேந்து எதுக்கலாம்."

ஒரு ஆணி, இரண்டு கட்சி

மறுநாள் காலை டெய்லர் கடைக்கு வந்தார். கையில் ஒரு ஆணி.

"அண்ணாச்சி, நேத்தையபோல ஒண்ணு இனி நடக்கப்பிடாது. அந்தத் தட்டில மலையாளப் பக்கத்தக் கீறிப்போடும். நம்ம பக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது. கீறினா எங்க கூட்டம் எல்லாம் உமக்கு. கீறல்லேன்னா எங்க பயக்க கோளாம்பியக் குளத்தில போடுவினும். நான் சொன்னா கேக்க மாட்டினும்."

நெளிந்த கோளாம்பி மேசைமேல் கிடந்தது. அது ஒன்றுதான் எனக்கு. குளத்தில் போனால் மறுபடி கொழும்புக் கப்பல்தான். நான் பதில் சொல்வதற்குள் குட்டன் வைத்தியர் உள்ளே வந்தார். சந்தையில் நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"அண்ணா, நாளை எங்கள்டெ யோகத்தில, கூட்டத்தில, உங்க கை தமிழ்ப் பக்கம் திரும்பியால் எந்து செய்யும்? தமிழ்ப் பக்கம் ஒன்னு கீறணும்" என்றார். அப்போதுதான் ஸ்டூலில் இருந்த டெய்லரைப் பார்த்தார். டெய்லர் கையில் இருந்த ஆணியையும் பார்த்தார். "ஆணி கொண்டுவந்தது நன்னாயி. நான் எடுக்க மறந்து" என்றார்.

இருவரும் சண்டை போடுவார்கள் என்று தாசன் தட்டுகளை உள்ளே நகர்த்தினான். அவர்களோ வேறு யோசனையில் இருந்தார்கள். கீறுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று வைத்தியர் சொன்னார். டெய்லர் மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் போட்டேன். தமிழ்ப் பக்கத்துக்கு வைத்தியர் விரலால் மேசையில் தாளம் தட்டினார். மலையாளப் பக்கம் ஓடும்போது டெய்லர் ஆணியை வாயில் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. முள் மட்டும் வெறும் வட்டத்தில் கரகரத்தது. வைத்தியர், "தமிழ்ப் பக்கத்தில சாரீரம் கொள்ளாம், நன்னாயிட்டுண்டு" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். டெய்லர் ஆணியை என் மேசைமேல் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் காதோடு சொன்னார்:

"அவிய பக்கத்தில ஃபிடில் ஒருபடி மேலாக்கும். வெளிய சொல்லிப்போடாதயும். நாளைக்கு எந்தப் பக்கம் கீறினேருன்னு வந்து பாப்பேன்."

*

சரசவேணி நாலு பெட்டியில் நாலு விதமாகப் பாடியும் ஒருவரும் அவள்மேல் கல் எறியவில்லை. ஒரே மெட்டை இரண்டு பக்கமும் பாடியதற்கு எறிந்தார்கள். அந்த ஆணியைச் சுவரில் அடித்து நெளிந்த கோளாம்பியை அதில் மாட்டினேன். இனி கூட்டங்களுக்குச் செட் கிடையாது, கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மட்டும், தட்டின் இரண்டு பக்கமும் ஓடும் என்று தாசனை அனுப்பி இருவர் கடையிலும் சொல்லச் சொன்னேன்.