க்ளெனிஸின் உடம்பு மறக்கவில்லை

டாஸ்மேனியாவில் விறகு வெட்டிப் பிழைக்கிற எங்களுக்கு ஒரு வீராப்பு உண்டு. இங்குள்ள குதிக்கும் எறும்பு என்ற விஷ எறும்பு கொட்டினால் தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். கொட்டக் கொட்ட உடம்பு பழகிவிடுமாம். நானும் அப்படிச் சொல்லித் திரிந்த முட்டாள்தான்.

பதினோரு வருடம் என்னோடு காட்டில் விறகு பிளந்தவள் க்ளெனிஸ். வயது ஐம்பத்தாறு, வாய்க்கு மட்டும் இருபது. முதல் தடவை எறும்பு கொட்டியதில் அவளுக்குக் கை வீங்கியது. அடுத்ததில் தோள் வரை. மூன்றாவதில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது.

டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். "விஷம் ஒரு துளிதாம்மா. உங்க உடம்புதான் அதைப் பெரிய எதிரின்னு ஞாபகம் வச்சிருக்கு. அடுத்த தடவை இன்னும் ஆவேசமா பாயலாம். ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து கசியும், தொண்டை வீங்கும்." அவசரத்துக்குத் தொடையில் நாமே குத்திக்கொள்ளும் ஊசி ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒவ்வாமையைக் குறைக்கும் சிகிச்சைக்கு ஹோபார்ட் நகரத்துக்குப் போகச் சொன்னார்.

"விறகு சீசன் முடியட்டும், போறேன்," என்றாள்.

"எறும்புக்குப் பயந்து ஓடப்போறியா?" என்று சிரித்தேன். என் வாயில் மண்ணைப் போட!

ஏப்ரலில் ஒரு காலை, மட்கிய கட்டையைப் புரட்டினாள். கணுக்காலில் எறும்பு கொட்டிவிட்டது. இரண்டே நிமிடத்தில் உதடு தடித்து, குரல் கம்மியது. தொடையில் ஊசியைக் குத்தி, அவளைப் படுக்க வைத்துவிட்டு, போனில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினேன்.

"படுத்தே இருக்கட்டும். நல்லாயிருக்குன்னு சொன்னாலும் எழுந்திருக்க விடாதீங்க," என்றாள் போனில் ஆம்புலன்ஸ் பெண்.

திரும்பி வந்தால், க்ளெனிஸ் நின்றுகொண்டு வண்டியில் விறகு ஏற்றுகிறாள்! உதட்டு வீக்கமும் வடிந்திருந்தது.

"யோவ் க்ளைவ், மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? எறும்பு உன்னையா கொட்டுச்சு?"

"படுக்கச் சொன்னாங்க, க்ளெனிஸ்."

"நான் படுத்துட்டா மீதியை நீ ஏத்துவியா, சோம்பேறி? நாலு கட்டைதான்யா."

அவள் நிற்பதைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு கட்டையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கினாள். முகம் சாம்பல் நிறமானது. "தலை சுத்துதுய்யா," என்று என் மேலேயே சரிந்தாள்.

தளர்ந்த குழாய்களில் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, இதயத்துக்கு ஏறவே இல்லையாம். படுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். யாரும் என்னைத் திட்டவில்லை. அவள் மகள் லோர்னா மட்டும் கேட்டாள்: "அம்மா எழுந்து நின்னப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"விறகு எடுத்துக் கொடுத்தேம்மா," என்றேன்.