ஐந்து நொடி எண்ணாத கை

சுவிட்ச் கம்பெனியில் வேலை என்றால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் விளக்குப் போடுகிற சுவிட்ச் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். மாடிவீட்டுக்காரர் ஒருநாள் கருகிப்போன ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். "நீங்க செய்யறதுதானே, கொஞ்சம் பார்த்துக் குடுங்களேன்." அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வேற சாதிங்க. நாங்க செய்யறதுல வெளிச்சம் வராது, பேச்சு போகும்" என்றாள். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். அதற்குப் பிறகு அவளிடம் எதையும் கொண்டுவரவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழிப்பார்கள். எக்ஸ்பிரஸ் அக்கா என்று கேட்டால் நாலாவது மேசையைக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் வேலை பார்த்தவள். நிமிஷத்துக்கு ஐம்பது பெட்டி. அந்தக் கம்பெனியை மூடினார்கள். கைவேகத்தை யாராலும் மூட முடியவில்லை. வீட்டில் சட்டைப் பொத்தானைப் போடுவதுகூடச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல இருக்கும்.

இங்கே அவளுக்கு வேலை சுலபமானது. மேசைமேல் உயரம் குறைந்த, அகலமான இரும்புப் பெட்டி; கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் இதைத்தான் அங்கே சுவிட்ச் என்பார்கள். முகத்தில் வரிசையாக இருபத்துநாலு ஓட்டைகள்; அவற்றைப் போர்ட் என்பார்கள். தாளில் எழுதியிருக்கும்: கேபிளை மூன்றிலிருந்து கழற்றி நான்கில் சொருகவும், பச்சை விளக்கு வருகிறதா பார்க்கவும், சொருகிய மெஷினுக்குப் பதில் போய்ச் சேருகிறதா பார்க்கவும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அந்த நேரம் முழுக்க, பக்கத்தில் இருக்கும் இன்னொரு கருவி ஆறாயிரம் மெஷின்கள்போல வேஷம்போட்டு அந்தப் பெட்டிக்குள் வந்துபோய்க்கொண்டே இருக்கும், சந்தையில் கூட்டம் மாதிரி.

சேர்ந்த முதல் நாளே கூடத்தின் தலைவர் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவருக்கு நிதானம் சார் என்று பெயர். வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் டீயை ஆற்றிக் குடித்துவிடலாம்.

"உள்ளே ரெண்டு பேர் இருக்காங்கம்மா. ஒருத்தர் சிப். இன்னொருத்தர் மென்பொருள். எந்த மெஷின், எந்தப் போர்ட்டுல இருக்குன்னு ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பட்டியல் உண்டு. யார் எங்கேன்னு முடிவு பண்றது மென்பொருள். அதைப் பார்த்து ஓடி ஓடிக் கொண்டுபோய்க் குடுக்கறது சிப். ரெண்டு பட்டியலும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான் நம்ம பொழப்பு."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றாள் அவள். "வந்தவங்ககிட்ட ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லணும்."

நிதானம் சார் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, சிரிக்க வேண்டிய இடம் தாண்டிய பிறகு சிரித்தார்.

தொல்லை ஆரம்பித்தது இந்தப் புது மாடல் பெட்டி வந்த பிறகு. முதல் மேசையில் ஓர் இயந்திரக் கை இதே கழற்றுவதையும் சொருகுவதையும் நாள்பூராவும் செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை. இவளுடைய மேசையில் மட்டும் எப்போதாவது ஒன்று தப்பிப்போகும். பச்சை விளக்கு எரியும். மெஷின் அனுப்புவது வெளியே வரும். அதற்குப் போகவேண்டிய பதில் மட்டும் போய்ச்சேராது. தாளின் கடைசிக் கட்டத்தில் 'கைப்பிழை' என்று எழுதி, தலைவர் கையெழுத்துப் போடுவார். மூன்று மாதத்தில் கைப்பிழை பன்னிரண்டைத் தொட்டால் ஒப்பந்தம் நீட்டப்படாது என்று அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே இருந்தது. இரண்டாவது மாதம் முடிவதற்குள் எட்டு ஆகிவிட்டது.

அவளுக்குத் தன் விரலைத் தெரியும். சொருகும்போது க்ளிக் என்று ஒரு சின்னக் கடி விழும். அது விழாமல் அவள் ஒருநாளும் கையை எடுத்ததில்லை.

பிறகு ஒரு காலையில் காய் நறுக்கும்போது கட்டைவிரலில் வெட்டிக்கொண்டாள். துணிக்கட்டோடு வந்து மேசையில் உட்கார்ந்தாள். கேபிளைப் பிடிக்கவே சிரமம். ஆமைபோல ஒவ்வொன்றாக மாற்றினாள். இருநூறும் ஒழுங்காகப் போயின. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தாள். மதியத்துக்குள் ஒன்று தப்பியது; கட்டத்தில் ஒன்பது.

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. யாரும் பார்க்காதபோது சோதித்துப் பார்த்தாள். கழற்றிவிட்டு மனசுக்குள் ஐந்துவரை எண்ணிச் சொருகினால் எந்த வம்பும் இல்லை. எண்ணாமல் சொருகினால் எப்போதாவது ஒன்று போகிறது. ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னாள்.

"வேகமாச் சொருகும்போது சரியா உட்காராமப் போயிருக்கும்மா" என்றார் அவர். "நிதானமா செய்யுங்களேன். யாரும் உங்களை விரட்டலையே?"

வீட்டிலும் அதே பாட்டுதான். கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். "நான் அவசரப்பட்டா ஒரு ஆளோட கண்ணு போயிடும். மெதுவாச் சொருகிட்டு வாயேம்மா. உன்னை என்ன ஓட்டப்பந்தயத்துக்கா கூப்பிட்டாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஐந்து எண்ணினாள். மூன்று வாரம் கைப்பிழைக் கட்டம் காலியாகவே இருந்தது. நிதானம் சார் கூப்பிட்டுப் பாராட்டினார். இன்னும் ஒரு வாரத்தில் ஒப்பந்தம்; இப்படியே போனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். செருப்பைக் கழற்றும்போதே பாதி சேதியைச் சொல்லிவிடுகிற ஆள். பேச்சோடு பேச்சாக இவள் கேட்டாள்: "ஏம்மா, நோயாளிக்கு நாடித்துடிப்பு பார்க்கற மெஷின் இருக்கே, கட்டிலை நகர்த்தும்போது அதோட கேபிளை எப்படி மாத்துவீங்க?"

"எப்படின்னா? இந்தப் பக்கம் பிடுங்கி அந்தப் பக்கம் சொருகுவேன்."

"நடுவுல கொஞ்சம் நிறுத்தி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு..."

"அண்ணி! மூச்சு வாங்கிட்டுக் கிடக்கிற ஆளை வச்சுக்கிட்டு நான் நின்னு எண்ணிட்டு இருக்கவா? அப்படி எண்ணணும்னு எந்தப் புண்ணியவான் சொன்னான், கூட்டிட்டு வாங்க அவனை."

அந்தப் புண்ணியவான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். புது மாடலின் முதல் நூறு பெட்டிகள் ஒரு மருத்துவமனைக்குப் போகின்றன என்று அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்ததை அவள் படித்திருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், மூணு வாரமா நான் ஐந்து எண்ணித்தான் சொருகறேன். அதனாலதான் தப்பே வரலை. இப்ப எண்ணாம சொருகறேன், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. க்ளிக் சத்தத்தை நீங்களே கேளுங்க."

"தப்பினா நான் எழுதித்தான் ஆகணும்மா."

"எழுதிக்குங்க. மூணு மிச்சம் இருக்கு."

அவர் எழுந்து வந்தார். அவள் ஆரம்பித்தாள். கழற்றுவதும் சொருகுவதும் ஒரே அசைவாக இருந்தது. மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று. ஒவ்வொரு தடவையும் க்ளிக். ஆறாவது தடவை பதில் நின்றுபோனது. அவர் குனிந்து கேபிளை அசைத்துப் பார்த்தார், ஆடவில்லை. பேனாவை எடுத்துக் கைப்பிழைக் கட்டத்தில் எழுதினார். பத்து. பதினோராவது தடவையில் இன்னொன்று. பதினொன்று. மற்ற மேசைகளில் வேலை நின்றுவிட்டிருந்தது. பத்தொன்பதாவது தடவையில் மறுபடியும் நின்றது.

பேனா கட்டத்தின் மேல் நின்றது.

"திரையில எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே. "இந்த மெஷின் நாலாவது போர்ட்டுலன்னு பட்டியல்ல இருக்கு, பாருங்க."

"இது யாரோட பட்டியல் சார்?"

"மென்பொருளோடது."

"அந்தச் சிப்பு கையில என்ன இருக்கு?"

"அதுகிட்டக் கேட்டா முழுசாப் படிச்சுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். நாம பொதுவா அதைக் கேக்கறதில்ல."

"எனக்கு வேலையே போகுது சார். ஒரு நிமிஷம் கேளுங்க."

அவர் கேட்டார். இடது பக்கம் மென்பொருளின் பட்டியல், வலது பக்கம் சிப்பின் பட்டியல், இரண்டும் திரையில் அருவிபோல இறங்கி வந்து நின்றன. அடியில் எண்ணிக்கை. இடது பக்கம் ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. வலது பக்கம் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.

இல்லாத அந்த ஒன்று, அவள் கையில் பிடித்திருந்த கேபிளின் மறுமுனையில் இருந்த மெஷின்.

நிதானம் சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த மென்பொருளை எழுதியவர் அவர்தான். மென்பொருள் தன் முடிவுகளைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக எழுதிச் சிப்புக்கு அனுப்பும். புதிதாக வந்தவரைச் சேர்க்கும் சீட்டு காத்திருக்கக்கூடாது என்று அதற்குத் தனியாக ஓர் அவசர வரிசை வைத்திருந்தார். போனவரை அழிக்கும் சீட்டு சாதாரண வரிசையில், ஆறாயிரம் பேருக்குப் பின்னால், சாவகாசமாக வரும். மெதுவான கை என்றால் அழிப்பது முதலில் முடிந்துவிடும், பிறகு சேர்ப்பது. இவளுடைய கை என்றால், 'நான்கில் சேர்' என்பது முந்திக்கொண்டு போய்விடும். அதற்குப் பின்னால் மூச்சிரைக்க வந்த 'அழி' என்ற சீட்டு, எந்தப் போர்ட் என்று கேட்காமல், புதிதாக எழுதியதையே அழித்துவிடும். மென்பொருளோ நான்கில் சேர்த்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கும். ஏற்கெனவே சொன்னதை அது திரும்பச் சொல்லாது.

"அந்த இயந்திரக் கைக்கு ஏன் தெரியலை?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான்தான்" என்றார் அவர். "எதுக்கும் இருக்கட்டும்னு நடுவுல ஐந்து நொடி நிறுத்தி வச்சேன்."

பிறகு சீட்டுகளின் நேரத்தை எடுத்துப் பார்த்தார். சேர்த்ததற்கும் அழித்ததற்கும் நடுவில் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

அவளுக்கு வேலையைப் பற்றிய நினைப்பே அந்த இடத்தில் நழுவிப்போனது. "அவ்வளவு நேரத்துக்குள்ள இந்தப் பெட்டி வழியா எத்தனை போயிருக்கும் சார்?"

அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். "முழு வேகத்துல ஓடினா, பதினாலு லட்சம் செய்திப் பொட்டலம் போகலாம்."

"அதுல மென்பொருள் எத்தனையைப் பார்க்கும்?"

"சிப்புக்கு ஆள் தெரிஞ்சிருந்தா, ஒண்ணைக்கூடப் பார்க்காது. அதுவே கொண்டுபோய்க் குடுத்துடும்."

அவள் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். மூன்று மாதமாகத் தினமும் தொட்டுப் புழங்கிய இரும்பு. விளக்குகள் எப்போதும்போல மினுக்கிக்கொண்டிருந்தன. கண் இமை இறங்கித் திரும்ப ஏறுவதற்குள் ஓர் ஊரே கடந்துபோகிறது. கடந்துபோகிற யாரையும் பார்க்காமலே, யார் எந்த வாசலில் என்பதை மட்டும் ஒருவர் மேலே உட்கார்ந்து சொல்கிறார். சொன்னதை நம்பி இன்னொருவர் கீழே ஓடுகிறார். அவர்களுக்கு நடுவே இருப்பதெல்லாம் ஒரு சீட்டு. அது போய்ச் சேர்ந்ததா என்று இருவருமே திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டியின்மேல் கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

"இவ்வளவு நாளா இதை நான் வெறும் கேபிள்னு நினைச்சுட்டு இருந்தேன் சார்" என்றாள், குரல் தணிந்து.

நிதானம் சார் தாளில் பன்னிரண்டாவதை எழுதவில்லை. பத்தையும் பதினொன்றையும் அடித்துவிட்டு, மேலே இருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அவர் வழக்கப்படி அதற்கு ரொம்ப நேரம் ஆனது.

இரண்டு நாள் அவர் வீட்டுக்கு நேரத்தோடு போகவில்லை. மென்பொருளை மாற்றி எழுதினார்: இனி எல்லாச் சீட்டும் ஒரே வரிசை. அழிக்கும் சீட்டிலும் போர்ட் எண் இருக்க வேண்டும், அந்தப் போர்ட்டில் இருந்தால் மட்டும் அழி, வேறெங்காவது போய்விட்டிருந்தால் தொடாதே. வியாழக்கிழமை காலையில் புது மென்பொருளை ஏற்றினார்கள். இயந்திரக் கையின் ஐந்து நொடியை எடுத்துப் பார்த்தார்கள். அந்த இயந்திரத்தால் இரண்டு நொடிக்குக் கீழே வர முடியவில்லை. கூடமே நாலாவது மேசையைத் திரும்பிப் பார்த்தது.

முந்நூறு தடவை என்று முடிவானது. ஒவ்வொரு ஐம்பதுக்கும் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாத்திரைப் பெட்டி அடைத்த நாட்களில்கூட அவள் அப்படி ஓட்டியதில்லை. க்ளிக், க்ளிக், க்ளிக். ஐம்பது: இரண்டும் ஒன்று. நூறு: ஒன்று. இருநூறைத் தாண்டியபோது விரல் நுனிகள் சிவந்துவிட்டன.

இருநூற்று ஐம்பதில் அலுவலக அறையிலிருந்து ஒரு அம்மா ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுல ஒரு கையெழுத்து. பன்னிரண்டு மணிக்குள்ள மேல அனுப்பணுமாம்."

அவள் திரும்பவில்லை. திரையில் இரண்டு பட்டியல்களும் அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தன, ஆயிரம், இரண்டாயிரம், வரிக்கு வரி.

"இருங்கம்மா" என்றாள், கேபிளை விடாமல். "இவங்க ரெண்டு பேரும் வந்து சேரட்டும்."