நிலவறையை விட்டு வந்த வெர்லா

என் அண்ணன் ஆர்லனின் மனைவி வெர்லா, வசந்தம் தொடங்கியதும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிவிடுவாள். முதல் உறைபனி விழுந்த பிறகுதான் மேலே வருவாள். எங்கள் ஹார்லோ ஊரில் நிலவறை இல்லாத வீடு கிடையாது. சுழல்காற்று வருகிறதென்று அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் இறங்குவோம், காற்று கடந்து போனதும் ஏறி வந்து கூரை இருக்கிறதா என்று பார்ப்போம். கோடை முழுக்க கீழேயே குடியிருந்தது அவள் ஒருத்திதான்.

அதற்காக அவளை யாரும் கேலி செய்ததில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மாலையில் அவளுடைய அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். திரும்பக் கதவைத் தள்ளித் திறந்தபோது மேலே வீடு இல்லை. சமையலறைத் தரை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி கிடந்ததாம். மாடுகளை ஓட்டி வரப் போயிருந்த அவளுடைய அப்பாவை அடுத்த பண்ணைக் கோதுமை வயலில் கண்டெடுத்தார்கள். அப்படிப்பட்டவளை நீ மேலே வந்து படு என்று எந்த வாயால் சொல்வது?

மற்றபடி அவள் துணிச்சல்காரி. பள்ளிக்கூடச் சமையலறையே அவள் ராஜ்ஜியம். காரசாரமான பீன்ஸ் கறியும் அதற்குத் தொட்டுக்கொள்ள பட்டைப்பொடி ரொட்டியும் அவள் போடுகிற நாளில் வாத்தியார்கள்கூட பிள்ளைகளுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஆனால் மேற்கே ஒரு மேகம் கறுத்தால் போதும், கையிலிருக்கும் கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள்.

ஆர்லன் அவளுக்காக நிலவறைக்குச் சாயம் பூசினான், பலகை அடித்தான், தொலைக்காட்சி வைத்தான். தானும் அங்கேயே படுத்தான். அவன் தனக்கென்று வைத்துக்கொண்டது ஜூனில் ஒரு வாரம். பழைய பிக்கப் வண்டியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு ராட்டில் ஓடைக்குப் போய்விடுவான். அங்கே குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஓடை வளைவில் நாலு பெரிய மரம், ஒரு மேசை, மரத்தாலான ஒரு கழிப்பறை. மிச்சமெல்லாம் புல். கண் போகிற தூரம் வரை புல்.

அந்த ஜூனில் வெர்லாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. நான் அப்போது அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"வெர்லாவா? நான் கிளாரிஸ் வெக்கர். ராட்டில் ஓடைக்குப் பக்கத்துப் பண்ணை. உங்க வீட்டுக்காரர் தரையணில் வளையில கால விட்டுக் கணுக்கால உடைச்சுக்கிட்டாரு."

"ஐயோ, எப்படி இருக்காரு?"

"எப்படியா? நான் போனப்ப பீன்ஸ் டப்பாவ சூடு பண்ணித் தின்னுட்டிருந்தாரு. பலகை வெச்சுக் கட்டிவிட்டேன். என் வண்டில ஏறுங்க, ஆஸ்பத்திரி போலாம்னா மாட்டேங்கறாரு. கூடாரத்த விட்டுட்டு வரமாட்டாராம். வண்டிய விட்டுட்டும் வரமாட்டாராம். இடது கால், கிளட்ச் மிதிக்க ஆகாது. நீங்களே வந்து அள்ளிக்கிட்டுப் போங்க."

அவனுடைய வண்டியையும் ஓட்டிவர இன்னொரு ஆள் வேண்டும். அதனால் நானும் கிளம்பினேன். புறப்படும் முன் வெர்லா வானிலை அறிக்கையைக் கேட்டாள். வாசலில் நின்று மேற்கே பார்த்தாள். பிறகு என்னிடம், "இருட்டறதுக்குள்ள திரும்பிடணும். வழில எங்கயும் நிறுத்தாத," என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆர்லன் மர நிழலில், காலை ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"வாங்க, வாங்க. என் வீட்டுக்கு நீ வர்றதுக்கு ஒரு கால உடைச்சுக்க வேண்டியிருக்கு," என்றான் வெர்லாவிடம்.

"வாய உடைச்சிருக்கணும்," என்றாள் அவள். ஆனால் மண்டியிட்டு அந்தக் காலைத் தொட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

அவள் பார்வை காலில் நிலைக்கவில்லை. மேற்கே வானத்தின் அடிப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கத் தொடங்குவதற்குள் காற்று வந்துவிட்டது, அதன் பின்னாலேயே மழையும். எங்கள் பக்கத்து மண்ணை அறிந்தவர்களுக்குத் தெரியும், காய்ந்திருந்தால் அது கல், நனைந்தால் வெண்ணெய். நாங்கள் வந்த காரை மண்சாலையில் ஏற்றிப் பார்த்தேன். சக்கரம் ஒரு முறை சுற்றியது, வண்டி பக்கவாட்டில் நழுவிப் பள்ளத்தில் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பிக்கப் வண்டி நின்ற இடத்திலேயே அச்சுவரை இறங்கியது. சாலை காயும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது.

இடி இடித்தது. வெர்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். இறங்க ஒரு குழிகூட இல்லை. பிறகு விடுவிடுவென்று ஓடிக் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஆர்லன் கூடாரத்துக்குள்ளிருந்து கத்தினான்: "வெர்லா! அது குழிமேல நிக்கிற பொட்டிடி! காத்து தூக்குச்சுன்னா நீ எதோட சேர்ந்து பறப்ப, தெரியுமா?"

பிறகு கதவு திறந்தது. மழையில் நனைந்தபடி அவள் திரும்பி வந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகத்தோடு. "செத்தா மரியாதையாவது மிஞ்சட்டும்," என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் குனிந்தாள். மழை ஓயும்வரை மூவரும் கூடாரத்தின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். துணி நெஞ்சுக்கூடு மாதிரி உள்ளே இழுத்து வெளியே விம்மியது. வெர்லா கண்ணைத் திறக்கவே இல்லை.

சூரியன் இறங்கும் நேரத்தில் மழை நின்றது. நான்தான் முதலில் வெளியே வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்கே போய்க்கொண்டிருந்த மேகத்தின் அடியிலிருந்து, பால் கட்டிய மடிகளைப் போல உருண்டை உருண்டையாக மேகங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வானம் முழுக்க மடிகள். மேற்கிலிருந்து வெயில் அவற்றின் அடியில் பட்டு, தாமிரமும் ரோஜாவும் கலந்த ஒரு நிறத்தில் எல்லாம் எரிந்தன. நனைந்த புல்லிலும் அதே நிறம். எங்கள் கைகளிலும் அதே நிறம்.

"வெர்லா, வெளிய வா."

"மாட்டேன்."

"போயிருச்சு. வா."

அவள் தலையை மட்டும் நீட்டினாள். பிறகு தோள். பிறகு முழுசாக வெளியே வந்து ஈரப் புல்லில் நின்றாள். வாய் திறந்திருந்தது. நிறம் மங்கிச் சாம்பலாகும்வரை அவள் நகரவில்லை.

"இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் நடக்குமா?" என்று ஆர்லனிடம் கேட்டாள்.

"அப்பப்ப நடக்கும்."

"நான் கீழ இருக்கறப்பவா?"

"நீ கீழ இருக்கறப்பத்தான்," என்றான் அவன், குத்தல் இல்லாமல்.

நான் சாய்ந்து கிடந்த காரில் படுத்தேன். விடியற்காலையில் கார் ஆடியது. கண்ணைத் திறந்தால் ஜன்னல் முழுக்கக் கறுத்த மயிர். ஒரு காட்டெருமை தன் விலாவைக் காரில் தேய்த்துக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. நூறு இருக்கலாம், கூடவும் இருக்கலாம். அடிவயிற்றிலிருந்து அவை முனகுகிற சத்தம் காதில் கேட்பதைவிட முதுகெலும்பில்தான் அதிகம் தெரிந்தது. அந்தத் தரையதிர்வு வெர்லாவுக்கு எதை நினைவூட்டும் என்று எனக்கு உடனே உறைத்தது. சுழல்காற்று வரும்போது ரயில் வருகிற மாதிரி இருக்கும் என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள்.

கூடாரத்தைப் பார்த்தேன். வாசல் ஜிப் பாதி திறந்திருந்தது. அதற்குள் வெர்லாவின் முகம். அதற்கு எதிரே, எட்டித் தொடுகிற தூரத்தில், ஒரு தாய்க் காட்டெருமை நின்றது. அதன் மூச்சு வெள்ளை ஆவியாக வந்து கூடாரத் துணியில் பட்டது. அதன் காலிடுக்கில் செம்மண் நிறத்தில் ஒரு கன்று முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் அசையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெர்லா அசையவில்லை, ஆனால் அவள் பயத்தால் உறைந்திருக்கவில்லை. அது இங்கிருந்தே தெரிந்தது. மாதா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி இருந்தாள்.

மந்தை ஓடையைக் கடந்து போக நெடுநேரம் ஆயிற்று. கடைசிக் காட்டெருமையும் பனிக்குள் மறைந்தபின் அவள் வெளியே வந்து, குளம்புகள் மிதித்த புல்லைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"எதுக்குமே அதுங்க ஒதுங்கறதில்ல. நேத்து அந்த மழையில எங்க நின்னிருக்கும்?" என்று கேட்டாள்.

"புல்லுலதான். காத்துக்கு எதிரா மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கும்," என்றான் ஆர்லன்.

மதியத்துக்கு மேல் சாலை இறுகியதும் கிளாரிஸ் டிராக்டரோடு வந்தாள். "என்ன, மூணு பேரும் இங்கயே வீடு கட்டிட்டீங்களா?" என்று சிரித்தபடியே எங்கள் வண்டிகளை இழுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆர்லனின் காலில் திருகாணி போட்டார்கள். வெர்லா வழக்கம்போல் நிலவறைக்கு இறங்கினாள். கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது மேல்மாடியில் ஜன்னல்கள் திறந்திருந்தன, கட்டிலில் புது விரிப்பு. "கீழ காத்தே இல்ல," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். அத்தனை வருஷமும் கீழே அதே காற்றுதான் இருந்தது.

அடுத்த கோடையில் அவள் சொந்தமாகக் கூடாரம் வாங்கினாள். ஆர்லன் ஆணி போட்ட காலோடு தரையில் படுக்க முடியாது என்று சொல்லிவிட்டான். "நான் முப்பது வருஷம் கூப்பிட்டப்ப வரல. இப்ப நான் மெத்தையக் கண்டுபிடிச்ச பிறகு கிளம்பறா," என்று பெட்ரோல் நிலையத்துக் காபிக் கூட்டத்தில் புலம்பினான். அதனால் நான் துணைக்குப் போனேன்.

பெரிய பூங்காக்கள் அவளுக்குப் பிடிக்காது. சின்ன ஊர்களின் சின்னப் பூங்காக்கள்தான் வேண்டும். தானியக் கிடங்குக்குப் பின்னால், பேஸ்பால் மைதானத்தை ஒட்டி, தகரக் கூரைக்கடியில் நாலு மேசை இருக்கும். அங்கே கூடாரம் அடித்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அல்லது ஊரே இல்லாத இடங்கள், மண்சாலை முடிந்து புல் தொடங்கும் இடங்கள். களிமண்ணில் முளை இறங்காவிட்டால் வண்டியின் பம்பரில் கயிற்றைக் கட்டுவாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். எந்த ஊருக்குப் போனாலும் முளை அடிப்பதற்கு முன் முதலில் எதிர்ப்படுகிற ஆளிடம் கேட்பாள்: "இங்க நிலவறை எங்க இருக்கு? ராத்திரி பூட்டுவீங்களா?" தெரிந்துகொண்ட பிறகுதான் காபி போடுவாள்.

நான் சொல்ல வந்த நாள் அதற்கு இரண்டு கோடை கழித்து. கல்மேடு என்கிற சின்னப் பூங்காவில் தங்கியிருந்தோம். மேட்டின் உச்சியில் நின்றால் கிழக்கே வானம் தரையைத் தொடுகிற இடம்வரை தெரியும். புல் வெட்டுகிற ஈவால்ட் என்பவர்தான் பூங்காவுக்குப் பொறுப்பு. பின்மதியத்தில் அவர் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களிடம் ஓடி வந்தார்.

"அம்மா, மாதா கோயில் நிலவறை திறந்திருக்கு. ஆனா அவசரமில்ல. அது நம்மள விட்டு விலகித்தான் போகுது."

"எது?" என்று கேட்டேன். அவர் கிழக்கே கை காட்டினார்.

வெர்லா அதற்குள் வண்டிப் படியில் கால் வைத்துவிட்டாள். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

வெகு தொலைவில், நீலக்கறுப்பு மேகத்தின் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் இறங்கியிருந்தது. எங்கள் முதுகுப் பக்கத்து வெயில் முழுக்க அதன்மேல் பட்டு அது பீங்கான் போல் பளபளத்தது. அடியில் செம்மண் பூவாக எழும்பிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எங்களைச் சுற்றிப் பறவைகள் கூவின. அந்தத் தூண் ஒரு பக்கம் வளைந்து, நிமிர்ந்து, மிக மெதுவாகப் புல்லின்மேல் நடந்து போயிற்று. அங்கே வீடு ஒன்றும் கிடையாது. வேலிகளையும் ஒரு காற்றாலையையும் மட்டும் கொண்டுபோனது என்று மறுநாள் தெரிந்தது.

வெர்லா படியிலிருந்து காலை எடுத்தாள். வேலி ஓரம்வரை நடந்து போய் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவள் இதைப் பார்த்ததே இல்லை. அப்பா போன அன்றைக்கும் நிலவறைக் கதவுக்குக் கீழேதான் இருந்தாள்.

"இதுதானா?" என்றாள்.

"இதுதான்."

"நான் கறுப்பா நெனச்சுக்கிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இவ்ளோ அழகா இருக்க இதுக்கு என்ன உரிமை?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. கண்ணை எடுக்கவும் இல்லை.

தூண் மெலிந்து கயிறாகி, கயிறு பல இடங்களில் நெளிந்தது.

"எங்கப்பா இதப் பாத்திருப்பாரு, இல்ல?"

"பாத்திருப்பாரு, வெர்லா."

"ஓடத் தோணாம நின்னுட்டாரோ என்னவோ."

ஈவால்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கயிறு நடுவில் அறுந்து, மேல்பாதி மேகத்துக்குள் போய்விட, கீழே கொஞ்ச நேரம் புழுதி மட்டும் சுற்றியது. பிறகு அதுவும் அடங்கியது. வெர்லா வேலிக் கம்பத்தைப் பிடித்தபடி அழுதாள். அவள் அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாலையில் ஆர்லனுக்குத் தொலைபேசி செய்தாள். பார்த்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இத்தன வருஷம் கூடாரம் போட்டவன் நான். எனக்கு ஒரு தடவகூட வானம் அதக் காட்டல. நல்லா இருக்கு நியாயம்," என்றான்.

"அங்க உக்காந்து பொறாமப்படாத. கிளம்பி வா."

"என் காலு?"

"மடக்குக் கட்டில் ஒண்ணு வாங்கு. தரையில படுக்கச் சொல்லி யாரு அழறா?"

அவன் வந்தான். ஈவால்ட் சொன்ன ஒரு ஏரிக்கரையில் மூவரும் தங்கினோம். விடிந்ததும் பார்த்தால் தண்ணீர்மேல் நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கூழைக்கடாப் பறவைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து மிதந்துகொண்டிருந்தன. ஆர்லன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "பேசாதீங்க," என்றான். நாங்கள் யாரும் பேசியிருக்கவில்லை.