சுபிரா என்றால் பொறுமையாம்

இந்த வாரம் உங்களை நலமா என்று கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வியால் நான் பட்டது போதும்!

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன். என் மனைவி சாந்தியின் முழங்கால் ஆபரேஷனுக்கு இரண்டு வருடமாக வெயிட்டிங் லிஸ்ட்டில் கிடக்கிறோம். அவள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார் ஒரு பெண். சாந்தி குளித்துக்கொண்டிருந்தாள். "நீங்களே கதையுங்கோ" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து, அவளுக்காக இங்கிலீஷ் பேசுவது முப்பது வருடமாக என் வேலைதானே? பேசினேன்.

"ஷி இஸ் பைன், தேங்க் யூ. ஹவ் ஆர் யூ?"

சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்லித் திருப்பி விசாரிப்பதுதானே நம் மரியாதை? காய்ச்சலில் படுத்திருந்தாலும் "ஓம், சுகம்" என்கிற ஆட்கள் நாம். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது — நோயாளி குணமடைந்ததால் பெயர் நீக்கப்பட்டது.

சாந்தி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகென்ன... போன் பண்ணினால் பாட்டுப் போடுகிறார்கள். ஈமெயில் போட்டால் நன்றி சொல்கிறார்கள். கடைசியில் போன செவ்வாய்க்கிழமை, பார்க்கிங் என்கிற எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சாந்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. அலுத்துப் போய்விட்டது.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பேட்ஜில் 'சுபிரா' என்று இருந்தது. பெயரைக் கண்டால் அர்த்தம் கேட்பது என் கெட்ட பழக்கம்.

"சுவாஹிலி. பொறுமை என்று அர்த்தம்" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரிதான்! இந்த வேலைக்குப் பெயர் பார்த்தே ஆள் எடுத்திருக்கிறார்கள்.

"பேர்போன சுபிராக்கள் யாராவது உண்டா?"

"டான்சானியாவில் என் வகுப்பில் மூன்று சுபிரா. ஒருத்தி இப்போது வக்கீல். ஒருத்தி பஸ் ஓட்டுகிறாள், ரோட்டில் எல்லோருக்கும் அவளிடம் பயம். மூன்றாவது நான். ஒருத்திக்கும் பொறுமை கிடையாது. அம்மாக்கள் ஆசைப்பட்டு வைத்துவிட்டார்கள், நாங்கள் என்ன செய்ய?"

எனக்குத் தெரிந்த சாந்திகளை நினைத்துப் பார்த்தேன். மோர்டனில் இருக்கிற சாந்தி, ஒரு கல்யாண வீட்டில் கேட்டரிங்காரரை அழவைத்தவர். பெயருக்கு ஏற்றபடி வாய் திறக்காதவள் என் சாந்தி ஒருத்திதான்.

சுபிரா கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வலி எப்படி இருக்கிறது?"

வழக்கம்போல நான் தொடங்கினேன்.

"நீங்கள் இல்லை சார். அவர் சொல்லட்டும்."

சாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "டூ இயர்ஸ், ஐ நோ கோ அப்ஸ்டேர்ஸ்" என்றாள். "ஸ்லீப் இன் செற்றி. எவ்ரி டே பெயின்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் ஏன் கீழ சோபாவில படுக்கிறன் எண்டு நினைச்சியள்?"

என் குறட்டைக்குப் பயந்து என்றுதான் நினைத்திருந்தேன். சொந்தக்காரரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

சுபிரா படபடவென்று தட்டினார். "பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். ஆனாலும் சில மாதங்கள் ஆகும்." பொறுமையாக இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. வலி கூடினால் வந்து சத்தம் போடுங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஏனப்பா, இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்க கேட்டனீங்கள்?"

ஆஸ்பத்திரியில்கூட இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.