ஹம்பேர்க்கில லீவில்லாத திருநாள்

இண்டைக்குச் சகல புனிதர் திருநாள். இதே ஜேர்மனியில, ஹம் நகரத்தில அரசாங்கமே லீவு விடும். இங்க ஹம்பேர்க்கில இல்லை.

என்ர மனுசன் போய்ச் சேர்ந்த பிறகு வாற முதல் திருநாள். கல்லறைக்குப் போகாமல் இருக்க ஏலாது எண்டு, நாங்கள் வேலை செய்யிற முதியோர் இல்லச் சமையலறையில சொன்னன்.

"இது கிறிஸ்தவரை நசுக்கிற அரசாங்கம்" எண்டார் அன்ரன் அண்ணை.

"அப்ப கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் ஆர் விடுறது? அரசாங்கத்துக்கு ஏன் சமயம்?" எண்டா சைவக்கார மலர் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "நீ போ தங்கச்சி. உன்ர சட்டியளையும் நான் கழுவுறன்."

"அவ எங்கட வேதக்காரப் பிள்ளை. நான்தான் கழுவுவன்" எண்டார் அண்ணை.

"சட்டிக்கும் சமயமோ?" எண்டா அக்கா.

நான் இப்ப இவரின்ர கல்லறையடிக்கு வந்திட்டன். அங்க கடைசியா ஆர் கழுவினது எண்டு, இதை வாசிக்கிற, வேலையில நிக்கிற ஆராவது சொல்லுங்கோ.