மூணாந்தலையின் விமர்சனம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயதாகியும் பொம்மைப் படப் பைத்தியம் விடவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்டர்நெட்டில் அவன் ஒரு பெரிய ஆள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவன் உயிரையே வைத்திருந்த தொடர், கிரகத்துக்குக் கிரகம் ஆள் ஏற்றிப் போகிற ஓர் ஓட்டை விண்கலத்தின் கதை. அதில் ஒரு சோம்பேறிக் கேப்டன். ஏறுகிறவர்களின் எடையோடு சேர்த்து அவர்கள் குட்டையும் போட்டு உடைக்கிற தராசு ரோபோ ஒன்று. ஒரே கழுத்தில் மூன்று தலை முளைத்த கணக்குப்பிள்ளை ஒருவர். அவருடைய முதல் தலை எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும், இரண்டாவது தூங்கும், மூன்றாவது குற்றம் சொல்லும். ரசிகர்கள் கூடிப் பேசுகிற இணையக் குழுவில் சேர்ந்தபோது, அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மூணாந்தலை. பகலெல்லாம் லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்று கிரீஸ் பூசுகிற மனிதன், அந்தக் குழுவில் வாய் திறந்தால் நூறு பேர் காது கொடுத்தார்கள்.

தொடர் டிவியில் நின்றுபோனது. பிறகு அதே ஆட்களை வைத்து முழுநீளப் படங்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். குழு இரண்டாகப் பிளந்தது. இருபது நிமிஷச் சிரிப்பை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்தால் சவசவ என்றுதான் இருக்கும் என்றது ஒரு கட்சி. நம்ம ஆட்களைத் திரும்பப் பார்க்கக் கிடைத்ததே போதும், வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்றது இன்னொரு கட்சி. பல் டாக்டர் ஒருவர், முதல் படம் நாலு பகுதியை ஒட்டுப் போட்டது, தையல் வெளியே தெரிகிறது என்று எழுதினார். இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பிள்ளைகள் சிரித்தார்கள், நான் தூங்கினேன், ரெண்டுமே நல்லதுதான் என்றாள். எவ்வளவு அடித்துக்கொண்டாலும் கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மூணாந்தலை என்ன சொல்லுது?

அவனுக்கு ஒரு தங்கை. சின்ன வயதில் இருவரும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு அந்தத் தொடரைப் பார்த்தவர்கள். அவன் பார்த்ததோடு நின்றான். அவள் வரைய ஆரம்பித்து, ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். மூத்த கலைஞர்கள் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து கொடுப்பார்கள். இடையில் வருகிற படங்களையெல்லாம் வரைவது அவள் வேலை. கை மேலே போகும், கை கீழே வரும். வருஷக்கணக்காக அதுதான்.

மூன்றாவது படம் வெளிவருவதற்கு முன் ஒரு நாள், "அண்ணா, இந்தப் படத்தை முதல் நாளே பாரு. நடுவுல எழுந்து போயிடாத, கடைசி வரைக்கும் இருந்து பாரு," என்றாள்.

"ஏன், உனக்கு யாராவது கமிஷன் தராங்களா?"

"பாருன்னா பாரேன்," என்று சிரித்தாள். அந்தப் படம் அவள் கம்பெனியில்தான் தயாராகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டியிருந்தார்கள். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் தங்கையின் பெயரை அண்ணனே பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும் என்று அவளுக்கும் ஓர் ஆசை.

முதல் நாள் மதியக் காட்சிக்கு அவன் போனான். படம் பாதி தாண்டியதும் குழுவில் விமர்சனங்கள் பொலபொலவென்று விழ ஆரம்பித்தன. இன்னொருவன் முந்திக்கொண்டால் தன் பேச்சு எடுபடாது. அவன் ஃபோனை மடியில் ஒளித்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். திரையில் ஏதோ பனிக் கிரகம். தராசு தனியாக உட்கார்ந்திருந்தது; வசனம் இல்லை. அவன் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தான், குனிந்தான், மறுபடி நிமிர்ந்தபோது காட்சி மாறியிருந்தது. அவன் எழுதியது இது: "பனிக் கிரகத்துக் காட்சியை வரைஞ்சவங்க தூங்கிக்கிட்டே வரைஞ்சிருக்காங்க. தராசு அழுவுதா, கொட்டாவி விடுதான்னு கடைசி வரைக்கும் தெரியலை." படம் முடிகிற நேரம், ஒரு கிளினிக்கில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அழைப்பு வர, எழுந்து ஓடினான்.

அந்த இரண்டு வரி பற்றிக்கொண்டது. கொட்டாவித் தராசு என்று பெயரே வைத்துவிட்டார்கள். ரோபோவின் வாயில் தலையணையைத் திணித்துப் படம் போட்டார்கள். படத்தைப் பார்க்காதவனெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தான். மெக்கானிக் லிஃப்ட் கதவின் சென்சாரைத் துடைத்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

அந்த வாரம் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தபோது தங்கை சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா எதிரே இருந்தாள்.

"கேளுடா இவகிட்ட. ஆபீஸ்ல யாரோ ஏதோ சொல்லிட்டாங்களாம். வந்ததுலேர்ந்து இப்படித்தான்."

"யாரும் ஒண்ணும் சொல்லலைம்மா," என்றாள் தங்கை. பிறகு அண்ணனைப் பார்த்து, "படம் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுல பனிக் கிரகம் வருமே, அது நான் பண்ணது. முதல் தடவையா முழுக் காட்சி கொடுத்தாங்க, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் என் கையால வரைஞ்சேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்." ஃபோனை அவன் பக்கம் தள்ளினாள். "இன்னிக்கு இதைப் பிரிண்ட் எடுத்து எங்க ரூம்ல ஒட்டிட்டாங்க. எவனோ மூணாந்தலையாம். கெட்டிக்காரன், ரெண்டே வரியில ஆளைக் காலி பண்ணிட்டான்."

அவன் ஃபோனை அவள் பக்கமே திருப்பித் தள்ளினான். "விடு பாப்பா, வேலை வெட்டி இல்லாதவன் எவனாவது எழுதியிருப்பான்," என்றான். சொன்ன அடுத்த கணமே இன்னும் கேவலமாக இருந்தது.

"இல்லண்ணா. அவன் தொடரை நல்லாப் பாத்தவன்தான். முன்னாடி எழுதினதெல்லாம் படிச்சேன், எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கான். அப்ப இதுவும் சரியாத்தானே இருக்கும்?"

அவன் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனான்.

எழுதியதை அழித்தான். பயனில்லை, அது ஊரெல்லாம் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. மறுநாள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை. மேனேஜர் அவசரத்தில் இருந்தார். "கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கும், பாத்தாச்சுன்னு கையெழுத்து போட்டுட்டுப் போங்க," என்றார். "பாக்காம எப்படி சார் போடறது?" என்று அவன் வாய் தானாகச் சொன்னது. மாடியில் மோட்டார் அறைக்குப் போய், கயிற்றைக் கையுறையால் பிடித்து அங்குலம் அங்குலமாக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவனுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. ஒரு இரும்புக் கயிற்றுக்குக் கொடுக்கிற மரியாதையை அவன் ஒரு மனுஷியின் உழைப்புக்குக் கொடுக்கவில்லை.

அன்றே வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு மறுபடி படத்துக்குப் போனான். ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

பனிக் கிரகம் வந்தது. விண்கலம் உடைந்து எல்லோரும் சிதறிப்போக, தராசு ரோபோ தனியாக நடந்து வருகிறது. எடை பார்க்க ஆள் இல்லை. சுற்றுமுற்றும் பார்க்கிறது. ஒரு பாறை அருகே நின்று, வலது கையை முழங்காலில் ஊன்றி, பாதி குனிந்து, ஒரு கணம் அப்படியே இருந்து மூச்சு விட்டு, பிறகு மெல்ல உட்காருகிறது. அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. அது அம்மா. மூட்டு வலி வந்தபின் அம்மா நாற்காலியில் உட்காருகிற விதம் அச்சு அசலாக அதுதான். உலோகத்தில் செய்த ஒரு பெட்டியைத் தங்கை, அம்மாவைப் போல உட்கார வைத்திருந்தாள். அப்புறம் அந்தப் பெட்டி தன் தட்டில் தானே ஏறி நின்று எடை பார்த்தது, முள் அசையவில்லை. பின்வரிசையில் ஒருவன் உரக்கக் கொட்டாவி விட்டுக் காட்டினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அங்கே உட்கார வைத்தது மூணாந்தலைதான்.

மறுநாள் மாலை, தங்கை இறங்குகிற பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். அவள் இறங்கியதும், "மூணாந்தலை நான்தான்," என்றான்.

அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீயா?"

"நான் பண்ணது தப்பு, பாப்பா."

"நான் வரைஞ்சதுன்னு தெரியாம எழுதினே. அதுல என்ன தப்பு? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதானே எழுதணும்?"

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தப்பித்திருப்பான். "பிடிக்கலைன்னு இல்ல. நான் பாக்கவே இல்ல. அந்த நேரத்துல ஃபோன்ல எழுதிக்கிட்டு இருந்தேன்."

அவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பாத்துட்டுத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்," என்றாள். வீடு வரைக்கும் அவனுக்கு முன்னால் நடந்தாள்.

அன்றே அவன் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினான்: அந்தக் காட்சியை நான் பார்க்காமலே எழுதினேன், இப்போது பார்த்துவிட்டேன், படத்திலேயே உயிருள்ள இடம் அதுதான். மூணாந்தலை விலைபோய்விட்டது என்றார்கள். சொந்தக்காரன் எவனாவது படத்தில் வேலை பார்த்திருப்பான் என்று ஒருவன் எழுதினான். பொய் என்று சொல்லவும் வழியில்லை. பல் டாக்டர் மட்டும், நானும் இன்னொரு தரம் பார்க்கிறேன் என்றார். பார்த்தாரா என்று தெரியவில்லை. கொட்டாவித் தராசு நின்றபாடில்லை.

தங்கை அதைப் படித்துவிட்டு, "எனக்காக எழுதின மாதிரி தெரியலை. உன் மனசு ஆறட்டும்னு எழுதியிருக்கே," என்றாள். அதுவும் உண்மைதான் என்று அவனுக்குப் பட்டது.

நாலாவது படத்தில் அவளுக்குத் தனிக் காட்சி கொடுக்கவில்லை. மறுபடி கை மேலே, கை கீழே. அவன் வரிகளால்தானா, இல்லை வேலை அப்படித்தான் பங்கு பிரிந்ததா, அவளுக்கே தெரியாது. அவனால் கேட்கவும் முடியவில்லை. லிஃப்ட் கூண்டின் மேல் நிற்கும்போது திடீரென்று அது நினைவுக்கு வரும். முடுக்கிய நட்டையே ஸ்பானரால் மறுபடி முடுக்குவான். குழுவிலிருந்து விலகிவிட்டான்.

வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. உப்பைக் கொடு, கதவைச் சாத்து, அம்மா மாத்திரை போட்டாச்சா. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமலே கேட்டாள்:

"அந்தக் காட்சியில உண்மையிலேயே எது சரியில்ல?"

நல்லதாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று அவனுக்கு ஆசை வந்தது. "தட்டுல ஏறும்போது இடது கால் லேசா வெட்டுது. மத்ததெல்லாம் வழுக்கிக்கிட்டுப் போகுது, அது மட்டும் இடறுது," என்றான்.

அவள் பென்சிலை நிறுத்தினாள். "ஆமா. அங்க நடுவுல இன்னும் ரெண்டு படம் வரைஞ்சிருக்கணும். டைம் தரல," என்றாள். பிறகு, "இதை அப்பவே எழுதியிருக்கலாம் நீ," என்றாள்.

"ஆமா," என்றான் அவன்.

அவள் மறுபடி வரையத் தொடங்கினாள். அவன் அடுத்த சட்டையை எடுத்து மடித்தான்.