மைக்கை மூடியே வைத்திருந்தவன்

ஊரடங்குக் காலத்தில் எங்கள் வாசகர் வட்டம் இணையத்துக்கு ஏறியது. கல்லடியில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஞாயிறுதோறும் கூட்டத்தை நடத்தியவன் நான். பதிவுசெய்யும் பொறுப்பும் என்னுடையதே. வருங்காலத்துக்கு என் பேச்சு தேவைப்படும் என்று அப்போது நம்பினேன். வருங்காலமும் வந்தது; ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் ஒருத்தி கேட்டாள். ஓட்டமாவடியில் நெல் ஆலை வைத்திருந்த என் நண்பனின் மகள்; கட்டாரில் வேலை. அவன் காலமாகி இன்னும் ஆண்டு திரும்பவில்லை.

“அங்கிள், வாப்பாட ஃபோட்டோ நிறைய இரிக்கி. அவர் கதைக்கிறதுதான் ஒண்டும் இல்ல. உங்கட கூட்டத்து வீடியோவில இரிக்குமா?”

தாராளமாக இருக்கும் என்றேன். ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவன் அவன்.

கோப்பைத் திறந்தேன். நான் வந்தேன். அடுத்ததிலும் நானே. பதிவுக்கு நான் தெரிந்தெடுத்திருந்த முறை அப்படி: யாருடைய மைக்கில் சத்தம் வருகிறதோ அவர் முகம் மட்டும் திரையை நிரப்பும். எங்கள் வட்டத்தில் சத்தம் யாருடையது என்பதில் ஒருபோதும் போட்டி இருந்ததில்லை. மூக்குக்கண்ணாடி நழுவ, பின்னால் காயப்போட்ட துவாயோடு, மணிக்கணக்காக நான். இந்த மனிதனை இத்தனை பேர் பொறுத்திருக்கிறார்கள்.

அவனோ மைக்கை மூடியே வைத்திருப்பான். ஆலைக்குப் பக்கத்து அறையிலிருந்து சேருகிறவன். அறுவடைக் காலத்தில் இயந்திரம் ஓயாது. கூட்டம் முடிந்ததும் தொலைபேசியில் பிடித்து, நான் சொன்னதை ஒவ்வொன்றாக உரித்துத் தொங்கவிடுவான். உண்மையில் அந்தச் சண்டைக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இப்போதும் ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறேன். மனைவி பார்த்துவிட்டு அதைச் சார்ஜில் போட்டுவைக்கிறாள். அது அவள் வழக்கமே இல்லை.

ஒரேயொரு கோப்பில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் முகம் போய் அவன் முகம் வந்தது. மைக்கை மூட மறந்திருக்கிறான். ஆலை இரைச்சல் என் குரலை முழுசாக விழுங்கிவிட்டது. பனியனோடு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறான், கண்ணைத் துடைக்கிற அளவுக்கு. மைக்கை மூடும்படி அப்போது நான் சொல்லியிருப்பேன் போல. கமராவுக்குக் கிட்ட வருகிறான்.

“இந்தா மூடுறன் மச்சான். நீ கத.”

பிறகு மறுபடியும் நான்.

அந்தத் துண்டை வெட்டி அனுப்பினேன். அவள் பதில் குரலாக வந்தது, மூக்கடைத்திருந்தது.

“இது போதும் அங்கிள். வாப்பா இப்பிடிச் சிரிச்சுக் கண்டு கனகாலம். நீங்க என்ன சொன்னீங்க?”

அதைத்தான் நானும் தேடுகிறேன். இயர்ஃபோனைக் காதுக்குள் அழுத்திச் செருகி, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப. அதற்கு முன் சொன்னது தெளிவாகக் கேட்கிறது, பின் சொன்னதும் கேட்கிறது. இரண்டிலும் சிரிக்க ஒன்றுமில்லை. இடையில் வந்த அந்த ஒரு வசனம்தான் நெல்லோடு அரைபட்டுவிட்டது. கூட்டத்தில் இருந்த மற்றவர்களையும் விசாரித்துப் பார்த்தேன். என் பேச்சு எதுவுமே ஞாபகமில்லை என்பதை எல்லோரும் மரியாதையாகச் சொன்னார்கள்.

அவனுக்கென்றால் ஞாபகம் இருக்கும்.